பக்கம் அறுநூற்று நாற்பது

மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு அகராதி பார்க்கச் சொல்லிக் கொடுப்பது லேசுப்பட்ட காரியம் என்று நினைப்பவர்கள் ஒரே ஒரு நாள் அந்த வகுப்பில் வந்து நின்று பார்க்க வேண்டும். இருபத்தெட்டுப் பிள்ளைகள். ஆளுக்கொரு புத்தகம், செங்கல் கனத்துக்கு. ஒன்று அதை மேஜையில் தொப்பென்று போட்டுப் பக்கத்துப் பிள்ளையைத் தூக்கிவாரிப் போடவைக்கும். ஒன்று அதை நாற்காலியில் வைத்து மேலே உட்கார்ந்து ஜன்னல் வழியே வேடிக்கை பார்க்கும். இன்னொன்று முதல் பக்கத்திலிருந்து படிக்க ஆரம்பித்து, "டீச்சர், இதுல கதையே வரலையே" என்று மூக்கை உறிஞ்சும். இத்தனை ரகளைக்கும் நடுவில் 'க'வுக்கு அப்புறம் 'ங', அதற்கு அப்புறம் 'ச' என்று அந்தப் பிஞ்சு மண்டைகளில் ஏற்றியாக வேண்டும்.

டீச்சர் அழகாகவே ஏற்றினாள். அதில் யாரும் குறை சொல்ல முடியாது. வகுப்பின் குறுக்கே கயிறு கட்டி, துணி காயப்போடும் கிளிப்பில் எழுத்துகளை வரிசையாகத் தொங்கவிட்டாள். பிள்ளைகள் கையில் ஆளுக்கொரு சொல் அட்டையைக் கொடுத்து, "அவங்கவங்க இடத்துல போய் நில்லுங்க பாக்கலாம்" என்பாள். 'மணி'யும் 'மரமு'ம் யார் முன்னால் என்று முட்டிக்கொள்வார்கள். "முதல் எழுத்து ஒண்ணுதானே? அப்ப ரெண்டாவதைப் பாரு. சண்டை எதுக்கு?" என்பாள். பக்கத்தின் தலையில் தடித்த எழுத்தில் இருக்கும் சொல்லைக் காட்டி, "இதுதான் வாசல்கதவு. உள்ள போகணுமா, அடுத்த வீட்டுக்குப் போகணுமான்னு இங்கயே தெரிஞ்சுடும்" என்பாள். பிள்ளைகளுக்குப் புரிந்தும் புரியாமலும் நாட்கள் போய்க்கொண்டிருந்தன.

அந்த அகராதிகள் வகுப்புக்கு வந்ததே பெரிய பாடு. அதற்கு முன்பு அவை தலைமையாசிரியையின் அறையில், கண்ணாடி அலமாரிக்குள், பூட்டின பூட்டுக்குள் இருந்தன. பிள்ளைகள் அவரைப் 'பெரிய டீச்சர்' என்பார்கள். கேட்டால், "பிள்ளைங்க கை பட்டா கிழிஞ்சு போயிடும்" என்பார். டீச்சர் கெஞ்சிக் கூத்தாடித்தான் அவற்றை வெளியே எடுத்து வந்தாள். கெஞ்சுவது அவளுக்குப் புதிதல்ல. வேலைக்குச் சேர்ந்து எத்தனையோ வருஷமாகியும் அவள் பெயருக்கு நேரே 'தற்காலிகம்' என்றுதான் இருந்தது. ஒவ்வொரு வருஷமும் பெரிய டீச்சரின் அறைக்குப் போய்க் கையைப் பிசைந்துகொண்டு நிற்பாள். "அடுத்த வருஷம் பார்ப்போம்" என்று பதில் வரும்.

வகுப்பில் ஒரே ஒரு பிள்ளைக்கு மட்டும் அகராதி ஒட்டிக்கொண்டது. அவளை எல்லோரும் எறும்பு என்பார்கள். சொல் தேடும்போது அவள் சுட்டுவிரல் பத்தியில் மேலிருந்து கீழே எறும்பு மாதிரி ஊர்ந்து போகும். கணக்கில் அவள் மக்கு. ஓட்டத்தில் கடைசி. ஆனால் அகராதியைக் கையில் கொடுத்துவிட்டால் ஆளைப் பிடிக்க முடியாது. ஒரு சொல்லைத் தேடப் போய், வழியில் நாலு சொல்லைப் பார்த்து, அவற்றின் பொருளையும் விசாரித்துவிட்டுத்தான் திரும்புவாள். இடைவேளைகூட அவளுக்கு அதில்தான் கழியும்.

இந்த நேரம் பார்த்துப் பெரிய டீச்சர் ஒரு குண்டைத் தூக்கிப் போட்டார். கல்வி அதிகாரி பள்ளியைப் பார்வையிட வருகிறார். அடுத்த மாதம் வரவேண்டியவர் இந்த வியாழனே வருகிறாராம்.

"உங்க அகராதி வகுப்பைத்தான் காட்டப் போறேன்," என்றார். "அவர் பாத்துத் திருப்தியாயிட்டா உங்க வேலையை நிரந்தரம் பண்ணச் சொல்லி அங்கயே கேட்டுடலாம். சொதப்பிடாதீங்க."

டீச்சர் கணக்குப் போட்டுப் பார்த்தாள். வகுப்பில் பாதிப் பேருக்கு இன்னும் 'ந' முன்னாலா 'ப' முன்னாலா என்றே தகராறு. ஒரு சொல்லைக் கண்டுபிடிப்பதற்குள் மணி அடித்துவிடும். அதிகாரி வந்து உட்கார்ந்து கொட்டாவி விடுவதை அவள் இப்போதே பார்த்துவிட்டாள்.

அப்புறம் என்ன, மனுஷ புத்தி குறுக்கு வழி தேடியது. பன்னிரண்டு சொற்களைப் பொறுக்கி எடுத்தாள். அவை அகராதியில் எந்தப் பக்கத்தில் இருக்கின்றன என்று பார்த்துக் கரும்பலகையில் எழுதினாள். "விசிட் அன்னைக்கு இந்த வார்த்தைங்களைத்தான் கேப்பேன். நம்பரை மனப்பாடம் பண்ணிக்கோங்க" என்றாள். வாய்ப்பாடு ஒப்பிக்கிற பிள்ளைகளுக்கு இது எம்மாத்திரம்! ராகம் போட்டு வெளுத்து வாங்கினார்கள். "மரகதம் அறுநூத்தி நாப்பது! சங்கு இருநூத்தித் தொண்ணூத்தெட்டு!" புதன்கிழமை சாயங்காலம் அவள் 'மரகதம்' என்று வாயெடுப்பதற்குள் இருபத்தேழு புத்தகங்கள் சடாரென்று திறந்தன. பார்க்கவே கண்கொள்ளாக் காட்சி.

எறும்பு மட்டும் வாயைத் திறக்கவில்லை.

"நீ ஏன் சொல்லலை?"

"எனக்கு நம்பர் வேணாம் டீச்சர். நான் தேடிக்கறேன்."

"எல்லாரும் சொல்றப்ப நீயும் சொல்லேன். வாய் வலிக்குமா?"

எறும்பு தலையைக் குனிந்துகொண்டாள். டீச்சருக்கு உள்ளுக்குள் என்னவோ செய்தது. 'விசிட் முடியட்டும், மறுபடி முதல்ல இருந்து ஒழுங்கா சொல்லிக் கொடுத்துடலாம்' என்று அந்த என்னவோவைத் தட்டிக் கொடுத்துத் தூங்கவைத்தாள்.

வியாழக்கிழமை அதிகாரி வந்தார். பருத்த உடம்பு, சிரித்த முகம். பிள்ளைகளைப் பார்த்ததும் அவரே பிள்ளையாகிவிடுகிற ரகம். அவர் பின்னால் டிரைவர் இரண்டு அட்டைப் பெட்டிகளைத் தூக்க முடியாமல் தூக்கிக்கொண்டு வந்தான்.

"அகராதி வகுப்புன்னு சொன்னாங்க. வெறும் கையோட வரலாமா? எல்லாருக்கும் புது அகராதி கொண்டு வந்திருக்கேன்!" என்றார். "புதுப் பதிப்பு. பழசைவிடப் பெருசு, நிறைய வார்த்தை சேத்திருக்காங்க. எதுக்கு அந்தக் கிழிசலை வெச்சுக்கிட்டு? இதுலயே விளையாடலாமே!"

பெரிய டீச்சர் கை தட்டினார். பிள்ளைகள் ஆளுக்கொன்றை வாங்கிக்கொண்டு கத்திக் கூச்சல் போட்டார்கள். டீச்சர் மட்டும் கரும்பலகையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். புதுப் பதிப்பு. பெருசு. எல்லா நம்பரும் போச்சு.

ஏதாவது சொல்லித் தப்பித்திருக்கலாம். தலைவலி, வாந்தி, மயக்கம், எதையாவது. ஒன்றும் தோன்றவில்லை. வேறு சொல் கேட்டாலும் பிள்ளைகள் முழிப்பார்கள். "முதல் வார்த்தை," என்றாள். "மரகதம்."

சடார்! இருபத்தேழு புத்தகங்கள் ஒரே நேரத்தில் திறந்தன. அதிகாரி அசந்துபோய், "அடேயப்பா!" என்றார். அடுத்த நொடியே முன்வரிசையிலிருந்து ஒருவன் துள்ளி எழுந்தான். ஓயாமல் பேசுவதால் அவனுக்கு ரேடியோ என்று பெயர். "கண்டுபிடிச்சாச்சு!"

"வாசி பாக்கலாம்."

ரேடியோ பக்கத்தைப் பார்த்தான். மறுபடி பார்த்தான். பழக்கதோஷத்தில் வாய் தானாக வாசித்துவிட்டது. "பூசணி. ஒரு வகைக் கொடி."

அதிகாரி சிரித்தார். பெரிய டீச்சரும் சிரித்தார். "சரி, அவசரப்பட்டுட்டான். அடுத்ததைக் கேளுங்க."

"சங்கு," என்றாள் டீச்சர். அவளுக்கே கேட்கவில்லை.

சடார்! இந்தத் தடவை ஒரு பெண்பிள்ளை எழுந்தாள். "கொசு," என்று வாசித்துவிட்டு உதட்டைப் பிதுக்கினாள். அழுகை முட்டிக்கொண்டு வந்தது. இதற்குள் பின்வரிசையில் ஒரு கை உயர்ந்திருந்தது. எறும்பு. அவள் இன்னும் முதல் சொல்லை விடவில்லை.

"மரகதம் எழுநூத்தி ஒண்ணுல இருக்கு சார். பச்சை நிற மணி."

அதிகாரி நாற்காலியிலிருந்து எழுந்து வரிசைகளுக்கு நடுவே நடந்தார். அவர் ஒன்றும் முட்டாள் இல்லை. எல்லோர் மேஜையிலும் ஒரே பக்கம் விரிந்திருந்ததைப் பார்த்தார். "இது என்ன கூத்து? எல்லாரும் ஏன் இருநூத்தித் தொண்ணூத்தெட்டுலயே நிக்கறீங்க?"

"அதுலதான் சார் சங்கு இருக்கும்!" என்றான் ரேடியோ. அவனுக்குக் கோபம் வேறு. "இந்த புக்கு தப்பு சார்!"

"யாரு சொன்னது அதுலதான் இருக்கும்னு?"

இருபத்தெட்டுப் பிள்ளைகளும் டீச்சரைப் பார்த்தார்கள். காட்டிக் கொடுக்கிற பார்வை இல்லை அது. தண்ணீர் குடிக்கப் போகலாமா என்று அனுமதி கேட்பார்களே, அதே பார்வைதான். சொல்லலாமா டீச்சர், வேண்டாமா? டீச்சர் கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"நான்தான் சார்," என்றாள் எறும்பு. எழுந்து நின்றிருந்தாள்.

அதிகாரி அவளைத் திரும்பிப் பார்த்தார். பெரிய டீச்சரின் முகம் கறுத்துச் சிவந்தது. அந்தக் கணத்தில் அவர் போட்ட கணக்குதான் அதிகாரிக்கும் சரியாகப்பட்டது. "ஓகோ. தான் மட்டும் ஜெயிக்கணும்னு மத்த பிள்ளைங்களுக்குத் தப்புத் தப்பா நம்பர் சொல்லிக் கொடுத்திருக்கு!"

"இந்த வயசுலயேவா!" என்றார் அதிகாரி, வருத்தமாக.

"டீச்சர், உங்களுக்கு இது தெரியுமா?" என்றார் பெரிய டீச்சர்.

கேள்வி நேராக அவளிடம் வந்தது. அதற்கு ஒரே ஒரு பதில்தான் உண்டு. "நான்... கவனிக்காம விட்டுட்டேன் மேடம்."

சொல்லிவிட்டாள். சொன்ன பிறகு வகுப்பு எப்படி முடிந்தது, அதிகாரி எப்போது கிளம்பினார், ஒன்றும் அவளுக்கு நினைவில் இல்லை. போகும்போது அவர், "பாவம், நீங்க என்ன பண்ணுவீங்க" என்று ஆறுதல் சொன்னது மட்டும் காதில் விழுந்தது.

தீர்ப்பு அன்றைக்கே வந்தது. திங்கட்கிழமை காலைக் கூட்டத்தில் எறும்பு எல்லோர் முன்னாலும் மன்னிப்புக் கேட்க வேண்டும். அதன் பிறகு இந்தப் பருவம் முடியும்வரை அகராதியைத் தொடக் கூடாது. அவள் அம்மா சலவைக்கடையில் துணி தேய்ப்பவள். அவளுக்குப் போன் போட்டு வரச் சொன்னார்கள். அவள் வேலையைப் போட்டுவிட்டு ஓடி வந்து பெரிய டீச்சர் முன்னால் கைகட்டி நின்றதை டீச்சர் வராந்தாவின் மறுகோடியிலிருந்து பார்த்தாள். பக்கத்தில் போகவில்லை.

மறுநாள் வகுப்பில் எறும்பை யாரும் திட்டவில்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலை. எல்லாப் பிள்ளைகளுக்கும் உண்மை தெரியும். நம்பரை எழுதியது யார், ராகம் போட்டுச் சொல்லவைத்தது யார், எல்லாம் தெரியும். டீச்சர் பேசாமல் இருக்கிறார்களே, அப்படியானால் நாமும் பேசாமல் இருக்க வேண்டும் போலிருக்கிறது என்று கற்றுக்கொண்டார்கள். எத்தனை நாள் சொல்லியும் 'ந'வும் 'ப'வும் பிடிபடாத பிள்ளைகளுக்கு இது ஒரே மத்தியானத்தில் பிடிபட்டுவிட்டது. ரேடியோகூட அன்று வாயைத் திறக்கவில்லை.

போதாக்குறைக்குப் பெரிய டீச்சர் இன்னொரு வேலையும் கொடுத்திருந்தார். மன்னிப்பை எழுதிக் கொடுத்து, திருத்திப் பழக்கிவிட வேண்டியது வகுப்பாசிரியையின் பொறுப்பாம். வெள்ளிக்கிழமை பள்ளி விட்டதும் டீச்சரும் எறும்பும் காலி வகுப்பில் எதிரெதிரே உட்கார்ந்தார்கள். வெளியே துப்புரவுக்காரர் வராந்தாவைக் கழுவிவிட்டுக்கொண்டிருந்தார்.

எறும்பு ஒரு தாளும் பென்சிலும் எடுத்து வைத்தாள். பிறகு அலமாரியைப் பார்த்தாள். "டீச்சர், அகராதியைத்தானே தொடக் கூடாது? ஒத்தசொல் புக்கை எடுத்துக்கலாமா?"

ஒரு சொல்லைப் பார்த்தால் அதே பொருளில் வரும் மற்ற சொற்களையெல்லாம் சேர்த்துக் காட்டும் புத்தகம் அது. போன வாரம்தான் அதை வகுப்புக்கு அறிமுகம் செய்திருந்தாள். "இவங்க எல்லாம் ஒரே வீட்டுப் பிள்ளைங்க. ஆனா ஒருத்தர் சட்டை இன்னொருத்தருக்குச் சேராது. போட்டுப் பாத்து, எது பொருந்துதோ அதை எடுக்கணும்" என்று சொல்லிக் கொடுத்திருந்தாள். "எடுத்துக்கோ," என்றாள் டீச்சர்.

எறும்பு சம்மணம் போட்டு உட்கார்ந்து தேட ஆரம்பித்தாள். விரல் ஊர்ந்தது. "தவறு. பிழை, குற்றம், குறை, தப்பு..." ஒவ்வொன்றையும் வாய்க்குள் சொல்லிப் பார்த்தாள். "'பிழை' போடலாமா டீச்சர்? வேணாம். அது கணக்குல வர்றது. 'குற்றம்' போலீஸ் சொல்றது." பக்கங்களைப் புரட்டினாள். "ஏமாற்று. வஞ்சி, மோசம் செய்..." நிமிர்ந்து பார்த்தாள். "இதெல்லாம் பெரியவங்க செய்யறது மாதிரி இருக்கே டீச்சர். எனக்கு ஒண்ணும் பொருந்தலை."

கேலியும் இல்லை, குத்தலும் இல்லை. சொல்லிக் கொடுத்த பாடத்தை அந்தப் பிள்ளை ஒழுங்காகச் செய்துகொண்டிருந்தது. டீச்சருக்கு வெட்கத்தில் காது சுட்டது.

"நீ ஏன் எழுந்திருச்சே?" என்று கேட்டாள். ராத்திரியெல்லாம் அவள் அதற்குப் பதிலும் யோசித்து வைத்திருந்தாள். என் மேல் இந்தப் பிள்ளைக்கு எவ்வளவு பாசம், எனக்காக அல்லவா பழியை ஏற்றுக்கொண்டது என்று நினைத்துத் தலையணையை நனைத்திருந்தாள்.

"உங்களை அனுப்பிட்டா அகராதியெல்லாம் மறுபடி பெரிய டீச்சர் ரூமுக்குப் போயிடும்ல," என்றாள் எறும்பு. "அங்க பூட்டு போட்டுடுவாங்க."

அவ்வளவுதான். பாசமும் இல்லை, ஒன்றும் இல்லை. டீச்சர் அசடு வழிய உட்கார்ந்திருந்தாள். இப்போது இந்தப் பிள்ளைக்கு அகராதியும் இல்லை என்பது அப்புறம்தான் உறைத்தது. வீட்டில் என்ன நடந்தது, அம்மா என்ன சொன்னாள் என்று கேட்க வேண்டும்போல் இருந்தது. கேட்டால் தெரிந்துவிடுமே என்று கேட்கவில்லை.

வராந்தாவில் ஈரம் காயத் தொடங்கியது. எறும்பு புத்தகத்தை மூடினாள். "நேரமாச்சு டீச்சர், அம்மா தேடுவாங்க. எந்த வார்த்தை போடணும்? நீங்களே சொல்லிடுங்க."

டீச்சர் ஜன்னலைப் பார்த்தாள். நிரந்தரம் என்ற சொல் அவள் கண்முன் வந்து நின்றது. அதை விரட்ட அவளுக்கு மனம் வரவில்லை.

"'ஏமாற்றினேன்'னே எழுதும்மா," என்றாள்.

எறும்பு ஒரு கணம் அவளைப் பார்த்தாள். பிறகு குனிந்து, நாக்கு நுனியைக் கடித்துக்கொண்டு, எழுத்துப் பிசகாமல் எழுதினாள். கையெழுத்து முத்து முத்தாக இருந்தது.

சனி, ஞாயிறு இரண்டு நாளும் டீச்சருக்கு வீட்டில் ஒன்றும் ஓடவில்லை. கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கும் அவள் கணவன் விஷயத்தைக் கேட்டுவிட்டு, தனக்குத் தெரிந்த நியாயத்தைச் சொன்னான். "நீ வாயைத் திறந்தா வேலை போச்சு. திறக்காட்டி அந்தப் பிள்ளைக்கு என்ன போகுது? ரெண்டு நாள் அழும், மூணாம் நாள் மறந்துட்டு விளையாடப் போயிடும்."

"அழவே இல்லைங்க அது," என்றாள். "உக்காந்து வார்த்தை தேடுச்சு. பொய்யா எதுவும் எழுதிடக் கூடாதேன்னு தேடுச்சு. நான்தான் பொய்யைச் சொல்லி எழுதவெச்சேன். என்னை மாதிரி ஒரு கேடுகெட்டவ உண்டா?"

"சரி, இப்ப என்ன பண்ணணுங்கற?"

டீச்சர் துணி மடித்தாள். மடித்ததையே பிரித்து மறுபடி மடித்தாள். ஒரு பிள்ளைக்குச் செய்தது பாவம் என்று வாய்விட்டுச் சொன்ன பிறகு அதை மறுபடி உள்ளே தள்ள முடியவில்லை.

திங்கட்கிழமை காலை நேராகப் பெரிய டீச்சரின் அறைக்குப் போனாள். உட்காரக்கூட இல்லை. "மேடம், அந்த நம்பரெல்லாம் நான்தான் சொல்லிக் கொடுத்தேன். அந்தப் பிள்ளை மேல எந்தத் தப்பும் இல்லை."

பெரிய டீச்சர் பேனாவை மூடி வைத்தார். "தெரியும்."

"தெரியுமா?"

"அன்னைக்கு சாயங்காலமே பழைய அகராதியைப் புரட்டிப் பாத்தேன். மரகதம் அறுநூத்தி நாப்பதுலதான் இருக்கு. தப்பு நம்பர் சொல்லிக் கொடுத்துச்சுன்னு நான் சொன்னேனே, நம்பர் எல்லாமே சரி. அத்தனையும் தேடி எடுத்து, மொத்த வகுப்பையும் உக்காரவெச்சு மனப்பாடம் பண்ணவைக்க ஒரு பிள்ளையால முடியுமா? எனக்கும் கொஞ்சம் மூளை இருக்கு." குரலைத் தாழ்த்தினார். "பாருங்க, பிள்ளை மன்னிப்பு கேட்டா அது பிள்ளைத்தனம்னு போயிடும். டீச்சர் கேட்டா பள்ளிக்கூடத்துக்கே கெட்ட பேரு. நிரந்தரம் பண்ணத்தான் அதிகாரி உங்க பேரைக் குறிச்சுட்டுப் போயிருக்கார். காதும் காதும் வெச்ச மாதிரி முடியட்டும். போங்க, மணி அடிக்கப் போகுது."

டீச்சருக்கு முதலில் வந்தது நிம்மதிதான். அந்த வெட்கக்கேட்டையும் சொல்லத்தான் வேண்டும். நான் சொல்லிப் பார்த்துவிட்டேன், கேட்கவில்லை, இனி என் பொறுப்பில்லை என்று மனசு ஒரு துள்ளுத் துள்ளியது. வராந்தாவில் பத்தடி நடப்பதற்குள் அந்தத் துள்ளலை நினைத்து அவளுக்கே குமட்டியது.

மைதானத்தில் எல்லா வகுப்பும் வரிசையில் நின்றது. ஓரத்தில், வேலைக்குப் போகிற உடையிலேயே எறும்பின் அம்மா நின்றிருந்தாள். பெயரைச் சொல்லிக் கூப்பிட்டதும் எறும்பு தாளோடு மேடை ஏறினாள். மைக் அவள் தலைக்கு மேலே இருந்தது. யாரோ ஓடிவந்து இறக்கிவிட்டார்கள். அவள் தாளைப் பிரித்து, தொண்டையைச் செருமிக்கொண்டு, "அனைவருக்கும் வணக்கம். நான்..." என்றாள்.

டீச்சர் மேடையில் நின்றாள். எப்படி ஏறினாள் என்று கேட்டால் அவளுக்குச் சொல்லத் தெரியாது. எறும்பின் கையிலிருந்து தாளை வாங்கிக்கொண்டாள். "இதைப் படிக்காதேம்மா. இது பொய்."

மைக்கில் அது மைதானம் முழுக்கக் கேட்டது. "இந்தப் பிள்ளை யாரையும் ஏமாத்தலை. பக்க நம்பரை எல்லாருக்கும் மனப்பாடம் பண்ணவெச்சது நான். அதிகாரி முன்னால நல்ல பேர் வாங்கணும்னு பண்ணினேன். அவர் கேட்டப்ப வாயை மூடிக்கிட்டு இருந்தேன். இந்த மன்னிப்பையும் நான்தான் எழுதவெச்சேன். வகுப்பிலயே இவ ஒருத்திதான் ஒழுங்காத் தேடினா."

பிறகு மூன்றாம் வகுப்பு வரிசையிலிருந்து ரேடியோவின் குரல் வெடித்தது. "ஆமா! டீச்சர்தான் சொன்னாங்க!" அவ்வளவுதான், மடை திறந்ததுபோல் மொத்த வகுப்பும், "ஆமா டீச்சர்! ஆமா டீச்சர்!" என்று கத்தியது. கோபத்தில் இல்லை, சந்தோஷத்தில் கத்தியது. நாலு நாளாக அடக்கிவைத்திருந்தார்கள் பாவம்.

"எல்லாரும் வகுப்புக்குப் போங்க," என்றார் பெரிய டீச்சர், மைக்கைப் பிடுங்கி. டீச்சரைப் பார்க்காமலே, "நீங்க என் ரூமுக்கு வாங்க" என்றார். என்ன நடக்கப் போகிறது என்று டீச்சருக்குத் தெரியும். அதிகாரி குறித்துக்கொண்டு போன பேரை அடித்துவிடுவார்கள். போகட்டும் என்று நினைத்தாள். நெஞ்சுக்குள் கொஞ்சம் லேசாகக்கூட இருந்தது.

மேடைப் படி இறங்கும் இடத்தில் எறும்பின் அம்மா வழிமறித்து நின்றாள். திட்டட்டும், நாக்கைப் பிடுங்கிக்கொள்ளும்படி கேட்கட்டும் என்று டீச்சர் கைகூப்பினாள். "என்னை மன்னிச்சிடுங்கம்மா."

"அன்னைக்கே சொன்னா டீச்சர்," என்றாள் அவள். குரல் உயரவில்லை.

"யாரு?"

"எம்பொண்ணுதான். வியாழக்கிழமை வீட்டுக்குப் போனதுமே சொன்னா. 'நம்பரெல்லாம் டீச்சர்தான்மா சொல்லிக் கொடுத்தாங்க, நான் சும்மா எழுந்திருச்சேன்'னு. பண்றதையும் பண்ணிட்டு டீச்சர் மேலயே பழி போடுறியான்னு போட்டு அடிச்சேன். அவ மாத்திச் சொல்லவே இல்லை. திருப்பித் திருப்பி அதையேதான் சொன்னா. நானும் அடிச்சுக்கிட்டே இருந்தேன்."

டீச்சர் படியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டாள்.

"வெள்ளிக்கிழமை சாயங்காலம் அவளா வந்து சொன்னா. 'நீ சொன்னதுதான்மா சரி, நான்தான் ஏமாத்தினேன். டீச்சரே அப்படித்தான் எழுதச் சொன்னாங்க'ன்னா." அவள் தன் உள்ளங்கையைப் பார்த்தபடி பேசினாள். "நான் அவளைக் கட்டிப் பிடிச்சு முத்தம் குடுத்தேன் டீச்சர். உண்மையை ஒத்துக்கிட்டாளே, எம்பொண்ணு திருந்திட்டாளேன்னு. கடைக்குக் கூட்டிட்டுப் போய் ரிப்பன் வாங்கிக் குடுத்தேன். இப்ப நான் போய் அவகிட்ட என்னன்னு சொல்லட்டும்?"

மூன்றாம் வகுப்பு வரிசை படியேறி உள்ளே போய்க்கொண்டிருந்தது. கடைசியாக எறும்பு போனாள். அவள் பின்னலில் சிவப்பு ரிப்பன் புதுசாகப் பளபளத்தது. டீச்சர் அதை அப்போதுதான் பார்த்தாள்.